பாடியைத் தூக்கும் முன்பே பாழாகிப்போன எம்ஜிஏ: பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

நுவரெலியா மாவட்டத்தில் ஒரு கராஜ். "சேசியில் இருந்து பாடியைப் பிரித்து, முழுசாகப் புதுசாக்கித் தருவோம்" என்று பேசி எடுத்த எம்ஜிஏ 1500 என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார், பதினொரு மாதம் கழித்து லொறியில் திரும்பி வந்தது. சேசி, அதாவது அடிச்சட்டம், தனியாக, பாடி தனியாக, மிச்சமெல்லாம் பதினான்கு உரச் சாக்குகளில். ஒரு சாக்கிலும் பெயர் இல்லை. பேசிய காசில் 60 சதவீதம் முதல் மாதமே கொடுத்தாகிவிட்டது. பெயின்ட் கட்டத்துக்கு வேலை வரவே இல்லை. கெட்டதில் பெரும்பகுதி கழற்றிய முதல் வாரத்திலேயே கெட்டது. இதே வேலைக்குக் கார் கொடுக்க நினைக்கிறவர்கள் அந்த வாரத்தில் என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலில் ஒன்று. எல்லாப் பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கும் தனிச் சேசி கிடையாது. 1955 முதல் 1962 வரை வந்த எம்ஜிஏ, அதற்கு முந்திய எம்ஜி டிடி, டிஎஃப், ட்ரையம்ஃப் டிஆர் 2 முதல் 6 வரை, ஸ்பிட்ஃபயர் ஆகியவற்றில் பாடி வேறு, சேசி வேறு. எம்ஜிபி அப்படியில்லை. அதில் பாடியே சேசி, பிரித்தெடுக்க ஒன்றுமில்லை. எம்ஜிபி ஒன்றுக்கும் "பாடி கழற்றும் கூலி" என்று தனி வரி போட்டு விலைச்சிட்டை தருகிறார்கள். அப்படி ஒரு சிட்டை கையில் கிடைத்தால் அந்த இடத்தில் சாவியைக் கொடுக்காதீர்கள்.

இனி அந்த எம்ஜிஏ. கூரையில்லாத காரில் பாடியின் பலம் கதவுக்குக் கீழே ஓடும் சில் பகுதியில்தான் இருக்கிறது. இந்தக் காரில் இரண்டு பக்கச் சில் பகுதிகளும் துருவேறிக் கடதாசி மாதிரி ஆகியிருந்தன. அதைப் பார்த்த பிறகும் ஒரு தாங்குகம்பிகூட வைக்காமல், முன்னாலும் பின்னாலும் சங்கிலி போட்டுத் தூக்கியிருக்கிறார்கள். நடு தொய்ந்துபோனது. இப்போது கதவு இடைவெளி மேலே பூச்சியம், கீழே 11 மில்லிமீற்றர்.

சரியான முறைக்கு நேரம் எடுக்கும், ஆனால் கஷ்டமில்லை. கதவு, பொனட், டிக்கி மூடி எல்லாம் பூட்டியிருக்கும்போதே ஒவ்வொரு இடைவெளியையும் மேல், நடு, கீழ் என்று மூன்று இடத்தில் அளந்து எழுத வேண்டும். சில் பகுதியையும் கதவுத் தூண்களையும் பாடி சேசியில் போல்ட் போட்டு இருக்கும்போதே, கதவைத் தொங்கவிட்டு இடைவெளி பார்த்துப் பார்த்து மாற்ற வேண்டும். அதன் பிறகு 25 மில்லிமீற்றர் சதுரக் குழாயால் கீல் தூணில் இருந்து பூட்டுத் தூணுக்கு ஒன்று, இடது வலதாகக் குறுக்கே ஒன்று, கதவு மூடுவதற்குத் தடையில்லாமல் உள்பக்கமாக வெல்டிங் செய்து ஒட்ட வேண்டும். அப்புறம்தான் தூக்குவது. "முதலில் கழற்றுவோம், சில் பகுதியைப் பிறகு பார்ப்போம்" என்று எந்தப் பாஸ் சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

பாடிக்கும் சேசிக்கும் இடையில் சில இடங்களில் மெல்லிய இடைத்தகடுகள் இருக்கும். எந்த போல்ட்டில் எத்தனை தகடு என்று படத்தோடு குறிக்காவிட்டால், திரும்பப் பூட்டும்போது கதவு இடைவெளி எங்கேயும் பொருந்தாது. இந்தக் காரின் தகடுகள் எல்லாம் ஒரே பால்மாவு டின்னில் கொட்டிக் கிடந்தன.

அடுத்தது, நினைக்கவே வயிறு எரிகிறது. எம்ஜிஏயின் கதவு, பொனட், டிக்கி மூடி மூன்றின் வெளித்தகடும் அலுமினியம். மற்றப் பாகங்கள் இரும்பு. பழைய பெயின்டை உரிக்க எல்லாவற்றையும் ஒன்றாகக் கோஸ்டிக் சோடாத் தொட்டியில் இறக்கியிருக்கிறார்கள். கோஸ்டிக் சோடா இரும்பை விட்டுவிடும், அலுமினியத்தைத் தின்றுவிடும். ஒரு கதவின் ஓரம் கையால் அழுத்தினாலே உடைகிறது. ஒரு சின்னக் காந்தத்தை வைத்துப் பார்த்திருந்தால் போதும். காந்தம் ஒட்டாத பாகத்துக்கு அலுமினியத்துக்குப் பாதுகாப்பான பெயின்ட் உரிப்பானும் பிளாஸ்டிக் சுரண்டியும் மட்டும்தான்.

ஜப்பான் கார் பார்த்துப் பழகிய கராஜ்களில் போல்ட் விஷயமும் அடிக்கடி நடக்கிறது. இந்தக் காரில் பெரும்பாலும் யுஎன்எஃப் எனும் அங்குல அளவு நெருக்கமான மரை, எஸ்யூ கம்பனியின் காபரேட்டர் போன்ற சில இடங்களில் வேறு பிரிட்டிஷ் மரை. 5/16 அங்குல யுஎன்எஃப் போல்ட் 7.94 மில்லிமீற்றர், அங்குலத்துக்கு 24 மரை. 8 மில்லிமீற்றர் மெட்ரிக் போல்ட் கண்ணுக்கு அதே தடிப்பு, ஆனால் மரை இடைவெளி 1.25 மில்லிமீற்றர். இரண்டு சுற்று போகும், பிறகு ஸ்பெனரைப் போட்டு முறுக்கினால் சேசிக்குள் ஒட்டியிருக்கும் நட்டின் மரை வழித்துக்கொண்டு போய்விடும். அந்த போல்ட்டின் தலை அரை அங்குலம், அதாவது 12.7 மில்லிமீற்றர். 13 ஸ்பெனர் வழுக்கி மூலைகளை உருட்டிவிடும். அங்குல ஸ்பெனர் செட் இருக்கிறதா என்று கராஜுக்குள் கால் வைத்ததும் கேளுங்கள். இல்லையென்றால் திரும்பி வந்துவிடலாம்.

துருப்பிடித்த போல்ட்டுக்கு மூன்று நான்கு நாள் தொடர்ந்து ஊடுருவும் எண்ணெய் விட வேண்டும், பிறகு கொஞ்சம் சூடு. இந்தக் காரில் முதல் நாளே கிரைண்டரால் வெட்டியிருக்கிறார்கள். வயரிங்கையும் கழற்றாமல் வெட்டியிருக்கிறார்கள்.

மலைநாட்டுக்காரர்கள் மணல் அடிக்கும் வேலையில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். சேசிக்கு மணல் அடிக்கலாம். ஒரு மில்லிமீற்றரும் இல்லாத பாடித் தகட்டுக்குக் கரடுமுரடான மணலை அடித்தால் அலை அலையாக வளைந்துவிடும். சேசி பெட்டி வடிவம், துளைகளை அடைக்காமல் அடித்தால் மணல் உள்ளே தங்கி, பிறகு பிரேக்கிலும் பேரிங்கிலும் கொட்டும். அடித்து முடித்த இரும்புக்கு அன்றைக்கே எபொக்சி பிரைமர் போட வேண்டும். ஒரு இரவு கடந்தால் மஞ்சள் துரு பூத்துவிடும். இந்தச் சேசி வெறும் இரும்பாக ஆறு வாரம் பொலித்தீனுக்குள் கிடந்தது. பொலித்தீனுக்குள் வியர்க்கும், வெளியே கிடப்பதைவிட மோசம்.

பிரைமர் போடும் நேரத்தில் இரும்பின் வெப்பம் பனிபடியும் நிலையைவிட (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பத்தைவிட) குறைந்தது 3 பாகை கூடுதலாக இருக்க வேண்டும், காற்றின் ஈரப்பதம் 85 சதவீதத்துக்குக் கீழே. 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிற நுவரெலியாவில் ஒரு காலை 16 பாகை, ஈரப்பதம் 90 சதவீதம் என்று வையுங்கள். பனிபடியும் நிலை 14.4 பாகை. இரவு முழுக்கக் குளிர்ந்த சேசி அதைவிடத் தாழ்வாகவும் இருக்கலாம், அப்போது கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலத்தின் மேல்தான் பெயின்ட் உட்காரும். பெரும்பாலான எபொக்சிகள் 10 பாகைக்குக் கீழே சரியாக இறுகுவதும் இல்லை. வெப்பமானியும் ஈரப்பதமானியும் இல்லாத கொட்டிலில் இந்த வேலையைச் செய்யவிடாதீர்கள். மணலும் பிரைமரும் ஜனவரிக்கும் மார்ச்சுக்கும் இடையில் உள்ள காய்ந்த நாட்களில், சூடாக்கக்கூடிய அறையில் நடக்க வேண்டும். ஏப்ரல் சீசனுக்கு, மகாகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயத்துக்குக் காரைக் காட்ட வேண்டும் என்ற அவசரத்தில் அந்த மாதங்களைக் கழற்றுவதிலேயே செலவழித்தால், பெயின்ட் வேலை மழைக்குள் போய் விழும்.

காசைப் பற்றிச் சுருக்கமாக: முற்பணம் 15 சதவீதத்துக்கு மேல் வேண்டாம். கழற்றிப் பட்டியல் போட்டபின் ஒரு பங்கு, சேசி அளந்து காட்டியபின் ஒரு பங்கு. சேசியைச் சமமான தரையில் வைத்து, சஸ்பென்ஷன் பூட்டும் துளைகளுக்கு இடையே மூலைவிட்டமாக இரண்டு பக்கமும் அளந்தால், 3 மில்லிமீற்றருக்கு மேல் வித்தியாசம் வந்தால் வளைவு எடுக்காமல் அடுத்த காசு இல்லை என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். வாய்ப்பேச்சு செல்லாது.

உங்கள் கார் ஏற்கனவே இப்படி ஒரு கராஜில் பிரிந்து கிடந்தால், சண்டை போடுவதற்கு முன் கமெராவோடு போங்கள். எல்லாவற்றையும் இருக்கிற இடத்திலேயே படம் எடுங்கள். முதலில் வீட்டுக்கு எடுக்க வேண்டியவை இரண்டு தகடுகள்: எஞ்சின் அறையில் பாடியில் பூட்டிய அடிச்சட்ட இலக்கத் தகடு, எஞ்சின் பிளொக்கின் வலப்பக்கம் டைனமோவுக்கு மேலே உள்ள இயந்திர இலக்கத் தகடு. இலக்கம் பதிவுப் புத்தகத்தோடு பொருந்தாவிட்டால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அந்தக் காருக்கு விளக்கம் சொல்ல வழியில்லை. அடுத்து எஸ்யூ காபரேட்டர்கள், ஒவ்வொரு பிஸ்டனும் அதனதன் மூடியோடு, மாறிப்போகாமல். அவை ஜோடியாகப் பொருத்தியவை. பிறகு எஞ்சின் பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ரொட்களின் மூடிகள், அதே காரணத்துக்காக. சேசியையும் பாடியையும் கடைசியில் ஏற்றலாம், அவற்றை யாரும் பையில் போட்டுக்கொண்டு போக முடியாது.