எங்கள் டவுன் ஆஸ்பத்திரி ஈ.டி.யூ.வுக்கு (அவசர சிகிச்சைப் பிரிவுக்கு) பத்துக்கு எட்டு

ஆஸ்பத்திரிக்கெல்லாமா ரிவ்யூ எழுதுவது என்று கேட்காதீர்கள். கொத்துரொட்டிக் கடைக்கு எழுதுகிறோம், போன் கடைக்கு எழுதுகிறோம், இதற்கு எழுதினால் என்ன? பெயர் வேண்டாம், மலையகத்தில் ஒரு அரச ஆஸ்பத்திரி, அது போதும்.

அண்ணிக்கு எட்டாவது மாதம். அண்ணன் கொழும்பில் கடை வேலை. அன்று காலையிலிருந்தே தலைவலி என்று படுத்திருந்தவர் பின்னேரம் கண்ணுக்கு முன்னால் பூச்சி பறக்கிறது என்றார், தோட்டத்து டிஸ்பென்சரியில் பிரஷர் பார்த்தால் 150க்கு 100. டிஸ்பென்சரி ஐயா ஒரு வார்த்தைதான் சொன்னார், "இப்பவே டவுனுக்குக் கொண்டு போ". லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீடுகளுக்கு) மேலே ரோடு இருக்கிற இலட்சணத்துக்கு எது வரும் என்று யோசிக்க நேரமில்லை, பக்கத்து லயத்து ஆட்டோவில் ஏற்றிவிட்டேன். (1990 ஆம்புலன்ஸுக்கு அடித்திருக்கலாம், காசு கேட்கமாட்டார்கள், வண்டியிலேயே முதலுதவி தெரிந்தவர் வருவார். அது எனக்கு ஞாபகம் வந்தது பாதி வழியில்.)

கேட்டிலேயே தடங்கல். செக்யூரிட்டி சிங்களத்தில் துண்டுச் சீட்டு எடுக்கச் சொல்கிறார், ஓ.பி.டி. (வெளிநோயாளர்) வரிசையைக் காட்டுகிறார். ஈ.டி.யூ. எந்தப் பக்கம் என்று தமிழில் ஒரு போர்டு கிடையாது. ஒரு மார்க் இங்கேயே போனது.

உள்ளே போனால் தேயிலைக் கொழுந்து லொறி ஒன்று அப்போதுதான் ஆட்களை இறக்கிக்கொண்டிருந்தது. வேறொரு தோட்டத்தில் குளவிக் கூடு கலைந்து, மலையில் நின்ற பன்னிரண்டு பேருக்குக் கொட்டு. முகம் வீங்கி, அழுதுகொண்டு, கொழுந்துக்குப் போன அதே கோலத்தில், இடுப்பைச் சுற்றிப் படங்குச் சீலை கட்டியபடியே பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். இனி எங்களை யார் பார்க்கப்போகிறார்கள் என்று எனக்கு வயிறு கலங்கியது.

வாசலில் ஒரு மேசை, பிரஷர் பார்க்கிற மிஷின், ஒரு நர்ஸ் மிஸ். யார் முதலில் வந்தது என்று அவர் கேட்கவேயில்லை. அண்ணியைக் கண்டதும் கையில் பட்டியைச் சுற்றிக்கொண்டே தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டார், "எத்தனை மாசம்? தலை வலியா? கண் மங்கலா? நெஞ்சுக்குக் கீழ வலி இருக்கா? பிள்ளை ஆடுதா?" பிரஷர் இப்போது 160க்கு 110. உடனே உள்ளே என்று கையைக் காட்டியவர், அடுத்த நொடி நிறுத்திவிட்டு, குளவி கொட்டி உதடு தடித்து மூச்சு இழுக்கிற ஒரு அக்காவை முன்னால் தள்ளிக்கொண்டு போனார். "வயித்துப் பிள்ளைக்காரிய நிக்க வச்சிட்டுப் போறாங்களே" என்று ஆட்டோ அண்ணன் சத்தம் போட்டார். எனக்கும் கோபம்தான். ஆனால் அந்த அக்காவுக்கு இன்னும் கொஞ்சம் போனால் மூச்சே நின்றிருக்கும், தொடையில் அட்ரினலின் ஊசி ஏறியதைக் கதவிடுக்கு வழியாகப் பார்த்தேன். அண்ணிக்கு இரண்டு நிமிஷம் இருந்தது, அவருக்கு இல்லை.

அதன் பிறகு அண்ணியை நன்றாகவே பார்த்தார்கள். மல்லாக்கப் படுக்க விடவில்லை, இடது பக்கமாகச் சாய்த்துப் படுக்க வைத்தார்கள், நிமிர்ந்து படுத்தால் கர்ப்பப்பை பெரிய இரத்தக் குழாயை அமுக்குமாம். வலிப்பு வராமலிருக்க மக்னீசியம் சல்பேட், பிரஷருக்குத் தனி மருந்து. பெஞ்சில் ஒரு தாத்தாவுக்கும் பிரஷர், அண்ணிக்குத் தோட்டத்தில் பார்த்த அதே 150க்கு 100தான், அவரைக் கிளினிக்குக்கு வாங்க என்று அனுப்பிவிட்டார்கள். இலக்கம் ஒன்றுதான், ஆனால் வயிற்றில் பிள்ளையோடு தலைவலியும் சேர்ந்தால் அது வேறு கணக்கு என்று டொக்டர் சொன்னார். இரத்தப்போக்கு என்றால் இன்னும் மோசமாம், கர்ப்பத்தில் உடம்பில் இரத்தம் கூடியிருப்பதால் நிறையப் போகிற வரைக்கும் நாடியும் பிரஷரும் நல்ல பிள்ளை மாதிரி காட்டிக்கொண்டிருக்குமாம்.

இரண்டாவது மார்க் எங்கே போனது என்றால், பெஞ்சின் கடைசியில் ஒரு பிள்ளை, இருபது வயதுதான் இருக்கும், நாலைந்து இடத்தில்தான் கொட்டு, தலை சுற்றுகிறது என்று சுவரில் சாய்ந்திருந்தது. யாரும் கண்டுகொள்ளவில்லை. கூட வந்த அம்மா ஒருவர்தான் எழுந்து, "மிஸ், இவளுக்கு நாலு மாசம்" என்று கத்தினார். படங்கை அவிழ்த்த பிறகுதான் வயிறு இலேசாகத் தெரிந்தது. பெரிய வயிறென்றால் ஓடி வருகிறார்கள், சின்ன வயிற்றுக்குக் கேள்வியே இல்லை, கொழுந்து எடுக்கிற பெண்ணுக்கு இடுப்பில் என்ன இருக்கிறது என்று படங்குக்கு மேலே பார்த்துத் தெரியுமா? ஆனாலும் அந்த மிஸ்ஸைச் சொல்ல வேண்டும். பிள்ளையை உள்ளே அனுப்பிவிட்டு, பெஞ்சின் தலையிலிருந்து மறுபடி ஆரம்பித்து, "மாசமா? பிள்ளை பெத்து ஆறு வாரம் ஆகலையா?" என்று ஒவ்வொரு பெண்ணையும் கேட்டுக்கொண்டே வந்தார். அதனால்தான் ஏழு இல்லை, எட்டு.

போகிறவர்களுக்கு ஒன்று, மிட்வைப் மிஸ் தந்த கர்ப்பிணிக் கார்டைக் கையில் வைத்திருங்கள், வாசலில் முதல் வார்த்தையாக எத்தனை மாதம் என்று சொல்லுங்கள். குளிருக்கு ஒரு கம்பளியும் எடுத்துப் போங்கள், அங்கே கொடுப்பது போதாது.

அன்றிரவே அண்ணியை ஆம்புலன்ஸில் பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றினார்கள், ஐந்தாம் நாள் ஒப்பரேஷன், பெண் குழந்தை. ஆட்டோ அண்ணன் பார்க்க வந்தபோதும் அதே கதைதான், எங்களைத்தான் முதலில் எடுத்திருக்க வேண்டுமாம்.