இரும்புக் கல்லைப் பழக்கித் தருவதாகச் சொல்லி 1,850 ரூபாயைச் சுருட்டிவிட்டார்கள்

என் மாமியார் நாற்பது ஆண்டுகள் தோசை வார்த்த வார்ப்பிரும்புக் கல், வீடு மாறிய பிறகு பரணிலேயே கிடந்து துருவேறிவிட்டது. பழைய இரும்புப் பாத்திரங்களைத் துருநீக்கிப் பழக்கித் தருவதாகச் சமூக ஊடகத்தில் விளம்பரம் செய்யும் ஒருவருக்கு அதைக் கூரியரில் அனுப்பி, 1,850 ரூபாயையும் முன்பணமாகவே கட்டினேன்.

தொலைபேசியில் அவர், "மெஷினே தொட மாட்டோம் அக்கா, ஐந்து நாள் வடிகஞ்சியில் ஊறவைத்து, தேங்காய் நாரால் தேய்த்து, நல்லெண்ணெய் தடவிக் காயவைப்போம்" என்றார். என் மாமியார் சொல்லும் முறையும் அட்சரம் பிசகாமல் அதுவே என்பதால், மேற்கொண்டு எதையும் கேட்க எனக்குத் தோன்றவில்லை.

மூன்று வாரம் கழித்து வந்த கல், புதுக் காரின் கதவைப்போல் பளபளத்தது. அடுப்பில் ஏற்றியதும் பெயின்ட் நாற்றம் அடித்தது. முதல் தோசையின் அடியில் கறுப்புச் செதில்கள் ஒட்டிக்கொண்டு வந்தன. கல் ஆறியதும் நாணயத்தால் சுரண்டினேன். பூச்சு தோலாக உரிந்தது. அதன் கீழே அரவைச் சக்கரம் ஓடிய வட்ட வட்டக் கீறல்கள் தெரிந்தன. எண்ணெய் சூட்டில் இறுகி இரும்போடு பிடித்துக்கொள்ளும் படலத்தைத்தான் பழக்கம் என்கிறோம்; அத்தனை ஆண்டுகளாகப் படிந்ததில் மிச்சமிருந்ததையும் வழித்தெடுத்துவிட்டு, பெயின்ட் அடித்து அனுப்பியிருக்கிறார்.

கேட்டதற்கு, "முதல் நாலு தோசை அப்படித்தான் வரும்" என்றார். படம் அனுப்பினால், "சோப்புப் போட்டிருப்பீர்கள்" என்கிறார். ஒரே ஒரு தோசை வார்த்த கல்லுக்கு நான் எப்போது சோப்புப் போட்டேன்? 1,850 ரூபாயைத் திருப்பிக் கேட்ட மறுநாளே என் எண்ணை பிளாக் செய்துவிட்டார். ரசீதும் தரவில்லை என்பதால், பணம் அனுப்பிய விவரத்தை மட்டும் வைத்து, நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் கொடுத்திருக்கிறேன். அந்த 1,850 ரூபாய்க்குப் புதுக் கல்லே வாங்கியிருக்கலாம்.

பராமரிப்பு பற்றி விரிவாக எழுத நினைத்தேன், இருக்கிற ஆத்திரத்தில் கை ஓடவில்லை. முன்பணம் கட்டாதீர்கள். பளபளவென்று வரும் கல்லை, அடுப்பில் ஏற்றும் முன் ஓரத்தில் சுரண்டிப் பாருங்கள். வெறும் துருவுக்காக யாரிடமும் கொடுக்க வேண்டாம். நாரால் தேய்த்துக் கழுவி, உடனே அடுப்பில் வைத்து ஈரம் போக்கி, எண்ணெயை மெல்லிசாகத் தடவிச் சூடேற்றுங்கள், கெட்டியாகத் தடவினால் பிசுபிசுக்கும். எங்கேனும் கொடுத்தே ஆக வேண்டுமென்றால், கொடுக்கும் முன் கல்லை இருபுறமும் படமெடுத்து வையுங்கள். நான் எடுக்கவில்லை.