பின்வளவுக் கொட்டிலுக்கு 20 வாட் சோலார்: 11 மாதம் பாவித்த பிறகு

எங்கள் வீடு திருகோணமலையில் உப்புவெளிப் பக்கம். கொட்டில் வளவின் பின்மூலையில், வீட்டிலிருந்து 30 மீட்டர் வரும். மண்வெட்டி, அலவாங்கு, தேங்காய், விறகு, கோழித்தீன் எல்லாம் அதற்குள்தான். போன வருடம் ஒரு நாள் பொழுதுபட்டபின் அம்மா ஒரு கையில் டோர்ச்சைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் விறகை எடுக்க, அடியில் கண்ணாடிப் புடையன் சுருண்டு கிடந்திருக்கிறது. நல்ல காலம், ஒன்றும் நடக்கவில்லை. அங்கே லைட் போடாமல் இனி விடுவதில்லை என்று அன்றிரவே முடிவெடுத்தேன்.

வீட்டுக் கறண்டை இழுக்கலாம்தான். ஆனால் அவ்வளவு தூரத்துக்குக் கேபிள் புதைக்க வேண்டும், வீட்டில் கறண்ட் போனால் அங்கேயும் போய்விடும். 2022 இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை வெட்டியதை இன்னும் மறக்கவில்லை.

முதலில் நான் ஏமாந்ததைச் சொல்லிவிடுகிறேன். '200 வாட்' என்று பெட்டியில் போட்டிருந்த சோலார் லைட் ஒன்றை ஒன்லைனில் வாங்கினேன். அதோடு வந்த பேனல் உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரியது, அவ்வளவுதான். நல்ல வெயிலில் ஒரு சதுர மீட்டருக்கு விழுவதே 1000 வாட் அளவு, அதில் சாதாரண பேனல் மின்சாரமாக மாற்றுவது ஐந்தில் ஒரு பங்கு அளவுதான், அப்படியென்றால் அந்தத் துண்டுப் பேனல் 3 வாட் தந்தாலே பெரிய விஷயம். இரவு 8 மணிக்கே மங்கிவிடும். லைட்டின் வாட்டைப் பார்க்காதீர்கள், பேனலின் வாட்டைப் பாருங்கள்.

பிறகு டவுனில் ஒரு கடையில் தனித்தனியாக வாங்கினேன்: 20 வாட் பேனல், 10 அம்பியர் கன்ட்ரோலர் (பேனலுக்கும் பட்டரிக்கும் லைட்டுக்கும் நடுவில் இருந்து சார்ஜைக் கட்டுப்படுத்தும் பெட்டி), 12 வோல்ட் 7 அம்பியர் மணி பட்டரி, 12 வோல்டில் எரியும் 5 வாட் எல்ஈடி பல்ப் இரண்டு. வயர், சுவிட்ச் எல்லாம் சேர்த்து 18,500 ரூபாய். கடைக்காரர் ஆறுதலாக இருந்து விளங்கப்படுத்தினார். "தம்பி, முதல் பட்டரியைக் கொழுவுங்கோ, பிறகுதான் பேனல்" என்று இரண்டு தரம் சொல்லி அனுப்பினார். கன்ட்ரோலர் பட்டரியைப் பார்த்துத்தான் இது 12 வோல்ட் என்று பிடிக்கிறதாம்.

கணக்கு இதுதான். பட்டரியில் இருப்பது 12 × 7 = 84 வாட் மணி. ஈய பட்டரியைப் பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் கெதியில் செத்துவிடும், ஆகவே கையில் இருப்பது 40 சொச்சம். இரண்டு பல்பும் 4 மணித்தியாலம் எரிந்தால் 40. வெயில் காலத்தில் அதைப் பேனல் பகலிலேயே நிரப்பிவிடுகிறது. பெப்ரவரியிலிருந்து ஒக்டோபர் வரை ஒரு நாள்கூட லைட் ஏமாற்றவில்லை, மனமாரச் சொல்கிறேன்.

பேனலைத் தகரத்துக்கு மேல் தெற்குப் பார்த்து, 15 பாகை அளவில் சரித்துப் பூட்டினேன். நாங்கள் இருப்பது வடக்கே எட்டரைப் பாகையில் என்பதால் மட்டமாக வைத்தாலும் வெயில் விழும், ஆனால் தூசியும் காக்கை எச்சமும் மழையில் கழுவுப்படாமல் அப்படியே காய்ந்துவிடும். மாரி காலத்தில் சூரியன் தெற்கே போவதால் அந்தச் சரிவு அப்போதும் உதவும். முதல் வாரம் ஒரு தென்னோலை நிழல் பேனலின் ஒரு ஓரத்தில் மட்டும் விழுந்தது, சார்ஜ் பாதிக்கு மேல் விழுந்துவிட்டது, உள்ளே செல்கள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்திருப்பதால் ஒன்று மறைந்தாலும் மற்றவற்றையும் இழுத்துப் பிடிக்கும். ஓலையை வெட்டினேன், சரியாகிவிட்டது.

கடல் காற்றுக்கு வயர் முனைகள் கறள் பிடிக்கும். பூட்டும்போதே வாஸ்லின் பூசிவிடுங்கள், நான் மூன்றாம் மாதம்தான் பூசினேன், அதற்குள் ஒரு முனை பச்சை பிடித்துவிட்டது. பட்டரியைத் தகரத்துக்குக் கிட்ட வைக்காமல் கீழே பலகையில் வைத்திருக்கிறேன், சூடு அதற்கு எமன். வீட்டுக்குள் வைத்து அங்கிருந்து வயர் இழுக்கலாமே என்று தம்பி கேட்டான். 12 வோல்டை மெல்லிய வயரில் அவ்வளவு தூரம் கொண்டுபோனால் வழியிலேயே குறைந்துவிடும்.

குறை என்றால் மாரிதான். டிசம்பரில் மூன்று நாள் விடாமல் மழை, நாலாம் இரவு கன்ட்ரோலர் தானாகவே லைட்டை வெட்டிவிட்டது. மூடிய வானத்தில் 20 வாட் பேனல் 3 வாட் தருவதே கஷ்டம். ஒரு பல்பை மட்டும், அதுவும் அம்மா கோழி அடைக்கும் நேரத்துக்கு மட்டும் போட்டுச் சமாளித்தோம். பெரிய பட்டரி வாங்கலாமே என்பார்கள், நிரப்ப வெயில் இல்லாதபோது அது எதற்கு? எங்கள் பக்கத்தில் புதிதாக வாங்குகிறவர்கள் நேரே 40 வாட் பேனலுக்குப் போங்கள்.

நான் அடுத்த மாதம் இதே மாதிரி இன்னொரு 20 வாட் பேனல் வாங்கிச் சமாந்தரமாகக் கொழுவப் போகிறேன். கன்ட்ரோலர் தாங்கும், இரண்டும் சேர்ந்தாலும் இரண்டரை அம்பியர் வராது. கோழிக்கூட்டு வாசலுக்கும் ஒரு பல்ப் வேண்டும் என்று அம்மா இப்போதே கேட்டு வைத்திருக்கிறா.