திரைப் பூட்டு: சொந்த ஸ்கிரிப்டா, எக்ஸ்எஸ்எஸ்-லொக்கா?

யாழ்ப்பாணத்தில், திருநெல்வேலிச் சந்திக்குப் பக்கத்தில் ஆய்வேடுகளைத் தட்டச்சு செய்து கொடுக்கிறேன். கம்பஸ் பிள்ளைகள் நாள் முழுக்க வந்து போவார்கள். தேத்தண்ணிக்கு எழும்பினாலும் திரையைப் பூட்ட வேண்டும். ஒருவருடைய எழுத்து இன்னொருவர் கண்ணில் படக்கூடாது. என்னுடையது லினக்ஸ் கணினி. முதலில் சொந்த ஸ்கிரிப்ட் (கட்டளைகளை வரிசையாக எழுதிய சிறு கோப்பு) வைத்திருந்தேன், இப்போது எக்ஸ்எஸ்எஸ்-லொக் (xss-lock): பூட்ட வேண்டிய நேரம் வந்ததும் பூட்டும் நிரலைத் தானே அழைப்பது. இரண்டிலும் கடைசியில் பூட்டுவது ஐ3லொக் (i3lock) என்ற நிரல்தான்.

ஸ்கிரிப்ட் பார்க்க வடிவானது. ஸ்க்ரொட் திரையைப் படம் பிடிக்கும், இமேஜ்மேஜிக் அதை மங்கலாக்கும், ஐ3லொக் பின்னணியில் போடும். டெர்மினலில் (கட்டளை தட்டும் சாளரத்தில்) ஓடுவது குறுக்குவிசையில் ஓடவில்லையா? கோப்பு இருக்கும் இடத்தின் முழுப் பாதையைக் கொடுங்கள். டெர்மினலின் அமைப்புக் கோப்பான பாஷ்ஆர்சியில் சேர்த்த பாதை அங்கே செல்லாது. பிழைச் செய்திகளை ஒரு கோப்புக்குத் திருப்பிவிட்டால் பாதி விடை அதிலேயே இருக்கும். என்னை மினக்கெடுத்தியது வேறொன்று: காலையில் எடுத்த படமே மாலை வரை வந்தது. புதிய ஸ்க்ரொட் பழைய கோப்பின் மேல் எழுதாமல், பெயரில் எண் சேர்த்து வேறு கோப்பாகச் சேமிக்கிறது. மேலெழுதும் தெரிவைச் சேர்த்ததும் சரி.

ஆனால் நான் மாறியது அதற்காக அல்ல. ஸ்கிரிப்ட் விசையை அழுத்தினால் மட்டுமே பூட்டும். அவசரத்தில் லப்டொப்பின் மூடியைச் சாத்திவிட்டுப் போனால், திரும்பத் திறக்கும்போது ஆய்வேடு அப்படியே விரிந்து கிடக்கும். எக்ஸ்எஸ்எஸ்-லொக், உள்நுழைவையும் தூக்கத்தையும் கவனிக்கும் லினக்ஸ் சேவையான சிஸ்டம்டி-லொகின்டியின் அழைப்பைக் கேட்டுக்கொண்டே இருக்கும். இயந்திரம் தூங்கப் போனாலும் பூட்டும், திரை அமைப்புகளை மாற்றும் கட்டளையான எக்ஸ்செட்டில் 300 விநாடி என்று வைத்தால் 5 நிமிடம் சும்மா இருந்தாலும் பூட்டும். குறுக்குவிசைக்கு லொகின்சிடிஎல் லொக்-செஷன் என்ற ஒற்றைக் கட்டளை போதும். எந்த வழியால் வந்தாலும் பூட்டுகிற இடம் ஒன்றே. கோளாறு வந்தால் தேட வேண்டியதும் அந்த ஒரு இடத்தில்தான்.

ஸ்கிரிப்ட்டை முழுதாகக் கைவிடவும் முடியவில்லை. தமிழ் விசைப்பலகையில் இருக்கும்போது பூட்டினால் கடவுச்சொல்லும் தமிழில்தான் விழும். எத்தனை தரம் அடித்தாலும் பிழை. அதனால் எக்ஸ்எஸ்எஸ்-லொக் அழைப்பது மூன்று வரிகளை: ஆங்கிலத்துக்கு மாற்று, பூட்டு, தமிழைத் திருப்பிக் கொடு. இதில் ஐ3லொக்குக்கு நோஃபோர்க் தெரிவு கட்டாயம். இல்லையென்றால் அது பின்னணிக்குப் போய்விடும், மூன்றாம் வரி உடனே ஓடி, பூட்டிய திரையில் மறுபடி தமிழ் வந்து நிற்கும். இதைக் கண்டுபிடிக்க ஒரு பின்னேரம் போனது.

நான் சொல்வதெல்லாம், லினக்ஸில் திரையைக் கையாளும் பழைய முறையான எக்ஸ்11க்குத்தான். புதிய முறையான வேலண்டில் ஐ3லொக் பயன்படாது, அங்கே ஸ்வேலொக். அதை ஒரு நாள்தான் ஓட்டிப் பார்த்தேன், தீர்ப்புச் சொல்ல அது காணாது.

இரண்டு வழியிலும் தீராத ஒன்று உண்டு. ஏதாவது மெனு திறந்திருந்தால் விசைப்பலகையை அது பிடித்து வைத்திருக்கும், ஐ3லொக் பூட்ட முடியாமல் தோற்றுப் போகும். கதிரையை விட்டு எழும்ப முன் எஸ்கேப்பை ஒரு தரம் தட்டுவது எனக்கு இப்போது கைப்பழக்கம்.