டிஜிட்டல் லேபுக்குப் பழக எது நல்லது: டிரெய்னர் கிட்டா, லாஜிசிமா, சொந்த பிரெட்போர்டா?

கார்னோ மேப்பை (லாஜிக் சமன்பாட்டைச் சுருக்கும் கட்டம்) கண்மூடித் திறப்பதற்குள் போட்டு முடிக்கிற மாணவர்கள் பலர், அதே சமன்பாட்டை லேபில் ஐசி வைத்து இணைத்துக் காட்டச் சொன்னால் திணறிப் போகிறார்கள். மூன்று பிட்டைக் கூட்டும் ஃபுல் ஆடருக்கு 7486 (எக்ஸ்ஆர்), 7408 (ஆண்ட்), 7432 (ஆர்) என மூன்று ஐசி போதும். பவர், கிரவுண்ட் எல்லாம் சேர்த்து 18 வயர். அதில் ஒன்று சரியாக உட்காரவில்லை என்றாலும் விடை தப்பாக வரும். எந்த வயர் என்று தேடத் தெரியாமல், எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பார்கள். அதற்குள் பீரியடு முடிந்துவிடும்.

இவர்களுக்குத் தியரி தெரியாமல் இல்லை. தப்பைத் தேடும் பழக்கம்தான் இல்லை. அதனால் மூன்று வழிகளையும் ஒரே கேள்வியை வைத்து எடைபோடுகிறேன்: சர்க்யூட் வேலை செய்யாதபோது காரணத்தைக் கண்டுபிடிக்க எது சொல்லித் தருகிறது?

முதலில் லேபில் இருக்கிற டிரெய்னர் கிட். வசதி என்று பார்த்தால் இதை அடிக்க ஆளில்லை. சீரான 5 வோல்ட் சப்ளை, இன்புட்டுக்கு வரிசையாக ஸ்விட்ச், அவுட்புட்டுக்கு எல்இடி, கவுண்டருக்குத் துள்ளல் இல்லாத பல்ஸ் பட்டன், எல்லாம் உள்ளேயே இருக்கும். பரீட்சையும் இதில்தான், ஆகவே கை பழகியே ஆக வேண்டும். குறை கிட்டில் இல்லை, நேரத்தில் இருக்கிறது. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ரெகுலேஷனில் கம்ப்யூட்டர் சயின்ஸ் மாணவர்களுக்கு சிஎஸ்3351 பாடத்திலேயே தியரியும் லேபும் சேர்ந்து வருகிறது. கேட்டுகளைச் சரிபார்ப்பதில் தொடங்கி ஆடர், கோட் கன்வெர்ட்டர், கவுண்டர், ஷிஃப்ட் ரிஜிஸ்டர் வரை அந்தக் கொஞ்ச பீரியடுக்குள் ஓட வேண்டும். கிட் போதாத கல்லூரியில் மூன்று பேருக்கு ஒன்று. ஒருவர் வயர் செருகுவார், ஒருவர் அப்சர்வேஷனில் ட்ரூத் டேபிள் (எந்த இன்புட்டுக்கு எந்த அவுட்புட் என்ற பட்டியல்) எழுதுவார், மூன்றாமவர் நின்று பார்ப்பார். பரீட்சையில் சீட்டு எடுக்கும்போது மூன்று பேரும் தனித்தனி. அந்த மூன்றாமவரை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

அடுத்தது சிமுலேட்டர், அதாவது சர்க்யூட்டைத் திரையில் வரைந்து ஓட்டிப் பார்க்கும் மென்பொருள். கார்ல் பர்ச் எழுதிய லாஜிசிம் இலவசம், பழைய லேப்டாப்பிலும் ஓடும். 2014-இல் அவர் அதன் வேலையை நிறுத்திக்கொண்டாலும், லாஜிசிம் எவல்யூஷன் என்ற பெயரில் வேறு பலர் தொடர்கிறார்கள். இதில் எனக்குப் பிடித்த விஷயம் வயரின் நிறம். 1 என்றால் பளீர் பச்சை, 0 என்றால் கரும்பச்சை, எந்த மதிப்பும் வந்து சேராத வயர் நீலம், இரண்டு அவுட்புட் மோதிக்கொண்டால் சிவப்பு. சிக்னல் எதுவரை வந்தது, எங்கே நின்றது என்பது கண்ணெதிரே தெரிகிறது. ட்ரூத் டேபிளைக் கொடுத்தால் சுருக்கிய சமன்பாட்டையும், நாண்ட் கேட் மட்டும் வைத்த சர்க்யூட்டையும் அதுவே போட்டுத் தரும். லேபுக்கு முதல் நாள் இரவு டிசைன் சரியா என்று பார்க்க இதைவிட நல்ல வழி கிடையாது.

ஆனால் லேபில் உங்களைக் கவிழ்க்கிற தப்புகள் எதுவும் இதற்குள் நடப்பதில்லை. ஓர் உதாரணம் போதும். லாஜிசிமில் ஆர் கேட்டின் ஓர் இன்புட்டை இணைக்காமல் விட்டுவிடுங்கள். வழக்கமான செட்டிங்கில் அது அந்த இன்புட்டைக் கண்டுகொள்ளாமல், மற்றதை வைத்துச் சரியான விடையைத் தரும். அதையே லேபில் 7432-இல் செய்து பாருங்கள். லேபில் வரும் டிடிஎல் வகை ஐசிக்கு அந்தரத்தில் தொங்கும் இன்புட் 1 மாதிரிதான். ஆகவே அவுட்புட் எப்போதும் 1, மற்ற இன்புட்டை எப்படி மாற்றினாலும் எல்இடி அணையாது. திரையில் சரியாக வந்த டிசைன் கையில் வராதபோது, "சார், ஐசி போயிடுச்சு" என்ற குரல் கேட்கும். ஐசியை மாற்றிக் கொடுத்தாலும் அதே கதைதான். மாட்டாத வயர் மாட்டாமலேயே இருக்கிறது.

டிங்கர்கேட் என்ற இணைய சிமுலேட்டர் இந்த விஷயத்தில் ஒரு படி மேல். பிரவுசரிலேயே பிரெட்போர்டு (ஐசியையும் வயரையும் சால்டர் செய்யாமல் செருகும் துளைப் பலகை), 74எச்சி வரிசை ஐசி எல்லாம் உண்டு, பின் நம்பர் பார்த்துத்தான் வயர் போட வேண்டும். பின் அமைப்பு மனசில் பதிய இது உதவும். என்றாலும் அங்கேயும் வயர் உள்ளுக்குள் அறுந்து போகாது, ஐசியின் கால் மடங்காது.

என் ஓட்டு மூன்றாவது வழிக்கு: சொந்தமாக ஒரு பிரெட்போர்டு. சென்னையில் இருப்பவர்களுக்கு ரிச்சி ஸ்ட்ரீட், மற்ற ஊர்க்காரர்களுக்கு ஆன்லைன் கடைகள். போர்டு, சிங்கிள் ஸ்ட்ராண்ட் வயர், டிப் ஸ்விட்ச், எல்இடி, 330 ஓம் ரெசிஸ்டர்கள், நாலைந்து 74எல்எஸ் (டிடிஎல் வகை) ஐசி, எல்லாம் சேர்த்துச் சுமார் 500 ரூபாய்க்குள் அடங்கும். விடுதி அறையில் இரண்டு பேர் பங்கு போட்டுக்கொள்ளலாம்.

இதில் எல்லாத் தப்பும் நடக்கும். அதுதான் இதன் பலமே. பல போர்டுகளில் ஓரத்துப் பவர் வரிசை நடுவில் துண்டாகி இருக்கும். மேல்பாதியில் இருக்கும் ஐசி வேலை செய்யும், கீழ்ப்பாதி செத்துக் கிடக்கும். 7476 ஃபிளிப் ஃபிளாப்பை (பிட்டை நினைவில் வைக்கும் ஐசி) எடுத்தால் 16 பின் ஆயிற்றே என்று 16-லும் 8-லும் சப்ளை கொடுக்கத் தோன்றும். அதற்கு விசிசி (5 வோல்ட் சப்ளை) 5-ஆம் பின், கிரவுண்ட் 13-ஆம் பின். 7400 நாண்ட் ஐசியில் மூன்றாவது பின் அவுட்புட், 7402 நார் ஐசியில் முதல் பின்னே அவுட்புட். புத்தகத்தில் படித்தது மறந்து போகலாம், அரைமணி நேரம் தேடிக் கண்டுபிடித்தது மறக்காது.

எல்இடியிலேயே ஒரு பாடம் இருக்கிறது. கிட்டில் எல்இடிக்குப் பின்னால் டிரைவர் இருப்பதால் அவுட்புட்டில் செருகினாலே பளிச்சென்று எரியும். பிரெட்போர்டில் 74எல்எஸ் அவுட்புட்டிலிருந்து கிரவுண்டுக்கு எல்இடி போட்டால் மங்கலாகத்தான் எரியும். அந்த அவுட்புட் உயர்நிலையில் 0.4 மில்லிஆம்பியர் கொடுக்கத்தான் வடிவமைக்கப்பட்டது, தாழ்நிலையில் 8 மில்லிஆம்பியர் வரை உள்வாங்கும். எனவே 5 வோல்ட்டிலிருந்து ரெசிஸ்டர், எல்இடி வழியாக அவுட்புட்டுக்கு இணைத்து, எரிந்தால் 0 என்று படிக்கப் பழகுங்கள். வைவாவில் சோர்ஸ் (கொடுக்கும்), சிங்க் (உள்வாங்கும்) கரன்ட் பற்றிக் கேட்டால் பதில் தானாக வரும்.

பட்டனும் அப்படித்தான். சாதாரண பட்டனைக் கவுண்டரின் கிளாக்கில் கொடுத்து ஒரு முறை அழுத்தினால் எண்ணிக்கை இரண்டு மூன்று தாவும். தொடுமுனை துள்ளுவதுதான் காரணம். இருவழி ஸ்விட்சோடு 7400-இன் இரண்டு கேட்டை வைத்து முதல் தொடுதலையே பிடித்து வைக்கும் ஒரு எஸ்ஆர் லாட்ச் கட்டிவிட்டால் தாவல் நின்றுவிடும். கிட்டிலும் லாஜிசிமிலும் இந்தப் பிரச்சினையே எழாது, அதனால் லாட்ச் எதற்கு என்பதும் அங்கே புரியாது.

தேடுவதற்கு ஒரு சாதாரண மல்டிமீட்டர் இருந்தால் போதும். கறுப்பு முனையைக் கிரவுண்டில் வைத்து, சிவப்பு முனையால் ஐசியின் காலையே தொடுங்கள், போர்டின் துளையை வேண்டாம். முதலில் விசிசி காலில் 5 வோல்ட் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு ஒவ்வொரு இன்புட்டாக வாருங்கள். 0.8 வோல்ட்டுக்குக் கீழே என்றால் 0, 2 வோல்ட்டுக்கு மேலே என்றால் 1. ஏதாவது ஓர் இன்புட் காலில் ஒன்று, ஒன்றரை வோல்ட் என்று நடுவாந்தரமாகக் காட்டினால், பெரும்பாலும் அந்த வயர் வந்து சேரவில்லை. நீங்கள் தேடியது கிடைத்துவிட்டது.

எல்லோரும் பிரெட்போர்டுதான் வாங்க வேண்டும் என்றும் இல்லை. உங்கள் கல்லூரியில் ஆளுக்கொரு கிட் இருந்து, மாலையிலும் லேபைத் திறந்து வைக்கிறார்கள் என்றால், அந்த 500 ரூபாயில் ஒரு மல்டிமீட்டர் வாங்குங்கள். கையில் காசில்லை, லேப்டாப் இருக்கிறது என்றால் லாஜிசிம் எவல்யூஷனில் டிடிஎல் பகுதியைத் திறந்து, கேட் படங்களுக்குப் பதிலாக 74 வரிசை ஐசிகளை வைத்தே வரையுங்கள். போன் மட்டும் இருப்பவர்கள் மத்திய கல்வி அமைச்சகத்தின் விர்ச்சுவல் லேப்ஸ் தளத்தைப் பார்க்கலாம்.

பிரெட்போர்டு வாங்குகிறவர்களுக்கு சப்ளை பற்றி ஒரு வார்த்தை. 74எல்எஸ் ஐசிக்கு 4.75 முதல் 5.25 வோல்ட் வரைதான். 9 வோல்ட் பேட்டரியை நேராகக் கொடுத்தால் ஐசி போய்விடும், நடுவில் 5 வோல்ட்டாகக் குறைக்கும் 7805 ரெகுலேட்டர் வேண்டும். பழைய 5 வோல்ட் போன் சார்ஜர் நல்லது. லேப்டாப்பின் யுஎஸ்பியிலிருந்து மட்டும் எடுக்காதீர்கள், ஒரு ஷார்ட் ஆனால் போர்ட்டே போகலாம். ஒவ்வொரு ஐசியின் விசிசிக்கும் கிரவுண்டுக்கும் இடையே 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றைப் போட்டுவிடுங்கள். ஃபிளிப் ஃபிளாப்பில் பயன்படுத்தாத பிரீசெட், கிளியர் பின்களை விசிசியில் கட்டிவிடுங்கள். இவற்றைச் செய்யாமல் கவுண்டர் தாறுமாறாக ஓடுகிறது என்று ஐசியைத் திட்ட வேண்டாம்.