ஸ்காட்லாந்தில் மலை எஸ்டேட்டுக்கு ‘பர்மிட்’ விற்கிறார்கள், வாங்கிவிடாதீர்கள்

ஸ்காட்லாந்தில் ஒரு மலை எஸ்டேட்டுக்குள் நடந்து போக அனுமதிச் சீட்டு தேவையில்லை. இது தெரியாமல் நான் தலைக்கு 25 பவுண்டு வீதம் நான்கு ‘பர்மிட்’ வாங்கினேன். அதற்கு மேல் வண்டி, வழிகாட்டி என்று தலைக்கு 85. மொத்தம் 440 பவுண்டு போனது. பணத்தைவிட, முழங்கால் வலிக்கிற அப்பாவை மழையில் நடக்க வைத்ததுதான் இன்னும் மனதை உறுத்துகிறது.

போன அக்டோபர் முதல் வாரம், அப்பாவும் அம்மாவும் எங்களைப் பார்க்க அபர்தீன் வந்திருந்தார்கள். நம்மவர்கள் இருக்கும் வாட்ஸ்அப் குழு ஒன்றில் விளம்பரம் வந்தது: பிரேமர் பக்கத்தில் மார் லாட்ஜ் எஸ்டேட், தனியார் இயற்கைக் காப்பகம், சிறப்பு அனுமதியுடன் உள்ளே ஜீப் பயணம், நூற்றுக்கணக்கான மான்களைக் கிட்டத்தில் பார்க்கலாம். விளம்பரம் போட்டவருக்குப் போன் போட்டேன். “பர்மிட் இல்லாம கேட்டுக்குள்ளயே விடமாட்டாங்கண்ணா. எனக்கு அங்க ஆள் இருக்கு, நான் பார்த்துக்கறேன்” என்றார்.

நான் ஏன் நம்பினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நீங்களும் அதே காரணத்தால்தான் நம்புவீர்கள். நமக்கு எஸ்டேட் என்றால் கேட்டும் காவலாளும். காடு என்றால் வனத்துறையின் அனுமதி. அப்படியே பழகி வந்தவர்களிடம் “பர்மிட் வேண்டும்” என்று சொன்னால் சந்தேகமே வராது. அந்த ஆளுக்கு இது நன்றாகத் தெரிந்திருக்கிறது.

உண்மை என்னவென்றால், மார் லாட்ஜ் எஸ்டேட்டை ஸ்காட்லாந்து தேசிய அறக்கட்டளை 1995இல் வாங்கியது. ஏறக்குறைய 29,000 ஹெக்டேர். 2017இல் தேசிய இயற்கைக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது, பிரிட்டனிலேயே பெரியது இதுதான். ஆனால் அறக்கட்டளை நிலமோ தனியார் நிலமோ, 2003ஆம் ஆண்டின் நிலச் சீர்திருத்தச் சட்டப்படி ஸ்காட்லாந்து மலைகளிலும் காடுகளிலும் பொறுப்போடு நடக்க எல்லோருக்கும் உரிமை உண்டு. வீட்டை ஒட்டிய தோட்டம், பயிர் நிற்கும் வயல் போன்ற சில இடங்கள்தான் விலக்கு. லின் ஆஃப் டீ என்ற இடத்தில் காரை நிறுத்துவதற்கு மட்டும் கட்டணம் உண்டு. அதைக்கூட அன்றைக்கு அந்த ஆள் எங்களையே கட்டச் சொன்னார்.

வேன் ஒன்றரை மணி நேரம் தாமதமாக வந்தது. அதில் ஐந்து மாணவர்களும் இருந்தார்கள். லின் ஆஃப் டீயில் இறங்கியதும் ஜீப் எங்கே என்று கேட்டேன். “இன்னைக்குச் சாவி தரமாட்டேங்கிறாங்கண்ணா, நடந்துடலாம், பக்கம்தான்.” பாதையில் பூட்டிய கேட் இருந்தது உண்மைதான். ஆனால் நடப்பதற்கான அந்தச் சட்ட உரிமையில் மோட்டார் வண்டி சேராது. அந்தச் சாவி அவர் கைக்கு எந்த நாளும் வந்திருக்காது. அவர் ‘பக்கம்’ என்று சொன்ன டெர்ரி லாட்ஜ், அங்கிருந்து போக மட்டும் ஐந்து கிலோமீட்டர்.

பாதை மேடு பள்ளம் இல்லாததுதான். ஆனாலும் பாதி வழியில் அப்பா ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டார். மழை பிடித்துக்கொண்டது. வழிகாட்டி மாணவர்களைக் கூட்டிக்கொண்டு வேகமாக முன்னால் போய்விட்டார். போனில் சிக்னல் இல்லை, எங்களிடம் வரைபடமும் இல்லை. “நீங்க போய்ப் பார்த்துட்டு வாங்கப்பா, நான் இங்கயே இருக்கேன்” என்றார் அப்பா. எப்படி விட்டுவிட்டுப் போவது?

அந்த நேரத்தில் எஸ்டேட் ரேஞ்சர் ஒருவர் வண்டியில் வந்தார். நான் முந்திக்கொண்டு பர்மிட்டை நீட்டினேன். மரம் படம் போட்ட வெறும் அச்சுத் தாள். அவர் வாங்கிப் பார்த்துவிட்டு, இங்கே நடக்க யாரும் யாருக்கும் பணம் கொடுக்க வேண்டாம் என்று மெதுவாகச் சொன்னார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மான்களைப் பற்றிக் கேட்டேன். இந்தப் பகுதியில் வேண்டுமென்றேதான் மான்களைக் குறைத்து வைத்திருக்கிறார்களாம். ரொம்ப காலம் வேட்டை எஸ்டேட்டாக இருந்ததால் மான் பெருகி, பைன் கன்று ஒன்றையும் வளரவிடாமல் மேய்ந்துவிட்டது. இப்போது அந்தப் பழைய காடு தானாகத் திரும்பி வருகிறது. இடுப்பளவும் ஆளுயரமும் வளர்ந்த கன்றுகளைக் காட்டினார். அம்மா ஒவ்வொன்றையும் நின்று தொட்டுப் பார்த்தார். அந்த நாளில் நல்லதாக நடந்தது அது ஒன்றுதான். நூற்றுக்கணக்கான மான் என்று எங்களிடம் விற்றவருக்கு அந்த இடத்தைப் பற்றி இதுகூடத் தெரியவில்லை.

ரேஞ்சர் எங்களை வண்டியில் ஏற்றிக் கார் நிறுத்துமிடத்தில் விட்டார். அக்டோபரில் அங்கே மாலை ஆறரை மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். மாணவர்கள் வந்து சேர்ந்தபோது நன்றாக இருட்டிவிட்டது, போன் வெளிச்சத்தில் வந்தார்கள். இரண்டு பேருக்கு முழங்கால் வரை நனைந்திருந்தது, ஓடையைக் கடக்க வைத்திருக்கிறார். தலைவிளக்கு இல்லை, வரைபடம் இல்லை. மலைக்கு வழிகாட்டி அமர்த்துவதானால் ‘மவுண்டன் லீடர்’ தகுதியும் காப்பீடும் இருக்கிறதா என்று முதலிலேயே கேளுங்கள். முறையான ஆள் கோபப்படாமல் காட்டுவார். ஆபத்து என்றால் 999 அழைத்து, போலீஸ் கேட்டு, மலை மீட்புக் குழு வேண்டும் என்று சொல்லுங்கள். அவர்கள் தன்னார்வலர்கள், பணம் கேட்க மாட்டார்கள்.

மறுநாள் பணத்தைத் திருப்பிக் கேட்டேன். “டிரிப் போயிட்டு வந்துட்டீங்களேண்ணா” என்றார். அப்புறம் என் எண்ணைத் தடுத்துவிட்டார். நான் அனுப்பியது அவருடைய சொந்த வங்கிக் கணக்குக்கு. சேவை சரியில்லை என்ற தகராறில் தலையிட முடியாது என்று வங்கி கையை விரித்துவிட்டது. 100 பவுண்டுக்கு மேற்பட்ட சேவைக்கு நேரடியாகக் கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் கார்டு நிறுவனத்திடமே கேட்கச் சட்டத்தில் இடம் உண்டு. கார்டு வாங்கமாட்டேன் என்று அவர் சொன்னபோதே நான் நின்றிருக்க வேண்டும். போலீஸில் 101க்கு அழைத்துப் புகார் கொடுத்திருக்கிறேன். அந்தப் பர்மிட் தாள்களை எறியாமல் வைத்திருக்கிறேன்.

அபர்தீனிலிருந்து பிரேமருக்கு 201 பேருந்து போகிறது. ஆனால் அங்கிருந்து லின் ஆஃப் டீக்கு இன்னும் 10 கிலோமீட்டர், பேருந்து கிடையாது, கார் வேண்டும். வயதானவர்களோடு போகிறவர்களுக்கு லின் ஆஃப் டீ பாலமும் அதைச் சுற்றியுள்ள பைன் காடுமே போதும்.

நேற்று அதே ஆள், வேறு பெயரில், வேறொரு குழுவில், ஸ்கை தீவுக்குப் ‘பர்மிட்டுடன்’ பயணம் என்று போட்டிருக்கிறார். புகைப்படத்தில் இருப்பது எங்களை ஏற்றிப்போன வேன்.