ரங்கூன் வெயிலும் இரண்டடித் தொட்டியும்: எந்த மீனுக்கு எந்தக் கல்?

ரங்கூனின் தாம்வே பகுதியில் குடியிருக்கும் என் மருமகன் சென்ற மாதம் இரண்டடி நீளமுள்ள கண்ணாடித் தொட்டி ஒன்றை வாங்கி வந்து, கூடத்துச் சுவரோரம் வைத்துவிட்டு, அதில் என்ன மீன் விடலாம் என்று தொலைபேசியில் கேட்டான். கடைக்காரர் பொன்மீனைக் காட்டினாராம். அவன் மனைவி கப்பி மீனே போதும் என்றாளாம். அவனோ ஷான் மாநிலத்திலிருந்து வரும் முத்துப்புள்ளி மீன்களைக் கைப்பேசியில் பார்த்து மயங்கியிருந்தான். "மாமா, மூன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் வாங்கி விட்டால் என்ன?" என்றான். வேண்டாம் என்றேன். அதோடு நில்லாமல் அவன் பட்டியலிலேயே இல்லாத நான்காவது மீன் ஒன்றின் பெயரையும் சொன்னேன்.

முதலில் தொட்டியின் அளவைக் கணக்கிட்டுக்கொள்ள வேண்டும். 60 சென்டிமீட்டர் நீளம், 30 அகலம், 30 உயரம் என்றால் அதன் கொள்ளளவு 54 லிட்டர். அடியில் மணலும் மேலே விரலளவு இடைவெளியும் போக, மீனுக்குக் கிடைப்பது ஏறத்தாழ 45 லிட்டர்தான். இத்தனை சிறிய நீர் விரைவில் சூடேறும், விரைவில் கெடும். ஏப்ரலில் ரங்கூனில் வெயில் 37, 38 டிகிரியைத் தொடும்போது, குளிர்சாதனம் இல்லாத என் வீட்டுக் கூடத்தில் தொட்டி நீர் பிற்பகலில் 32 டிகிரிக்கு வந்துவிடுவதை ஆண்டுதோறும் வெப்பமானியில் பார்த்து வருகிறேன். நீர் சூடேற ஏற அதில் கரைந்து நிற்கும் உயிர்வளி (ஆக்ஸிஜன்) குறையும்: 22 டிகிரியில் ஒரு லிட்டர் நீர் ஏறத்தாழ 8.7 மில்லிகிராம் உயிர்வளியைத் தாங்கும். 32 டிகிரியில் 7.3 மில்லிகிராம்தான். அதே சூட்டில் மீனின் உடலோ வழக்கத்தைவிட அதிகமான உயிர்வளியைக் கேட்கும். இதன்மேல் கரண்டு இல்லாத நேரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2024இல் எங்கள் வட்டத்தில் நான்கு மணி நேரம் வந்தால் எட்டு மணி நேரம் போகும் என்ற முறையில் மின்சாரம் தந்தார்கள். அந்த எட்டு மணி நேரமும் காற்று மோட்டார் ஊமையாகத்தான் கிடக்கும். எனவே, இந்த ஊரில் மீனைத் தேர்ந்தெடுப்பவர் நிறத்தைப் பார்ப்பதற்கு முன், மோட்டார் நின்றபின் அந்த மீன் எப்படி மூச்சுவிடும் என்பதைக் கேட்க வேண்டும் என்பதே என் கருத்து.

இந்தக் கேள்வியை முன்வைத்தால் பொன்மீன் முதல் சுற்றிலேயே தோற்றுவிடுகிறது. பொன்மீன் குளிர்ந்த நீரை விரும்பும் கெண்டைக் குடும்பத்து மீன். 18 முதல் 22 டிகிரி வரை அதற்குச் சுகம். கடையில் கட்டைவிரல் நீளத்தில் இருக்கும் வால்நீண்ட வகை முழுமையாக வளர்ந்தால் 20 சென்டிமீட்டரைத் தாண்டும். உருண்டை உடல் கொண்ட வகைகளும் 15 சென்டிமீட்டருக்குக் குறையாமல் வளரும். தின்பதும் அதிகம், கழிப்பதும் அதிகம். கண்ணாடிக் கிண்ணத்தில் ஒற்றைப் பொன்மீனை வைத்துப் படம் எடுத்த புண்ணியவான் எவரோ, அவரால் இன்றுவரை எத்தனை மீன்கள் குன்றிப்போய் இறந்தன என்று எண்ணிப் பார்ப்பதுண்டு.

நானும் அந்தப் பாவத்தைச் செய்தவன்தான். சில ஆண்டுகளுக்கு முன் திஞ்சான் என்ற பர்மியப் புத்தாண்டு விடுமுறையில், ஊரே தெருவில் தண்ணீர் ஊற்றிக் கொண்டாடிக்கொண்டிருந்தபோது, வீட்டுத் தொட்டியில் மூன்று பொன்மீன்கள் இருந்தன. இரவு இரண்டு மணிக்குக் குமிழிச் சத்தம் நின்றதும் விழித்துக்கொண்டேன். நாள்தோறும் கேட்டுப் பழகிய சத்தம் நின்றுபோனால் தூக்கமும் கலைந்துவிடுகிறது. கைவிளக்கை அடித்துப் பார்த்தபோது மூன்றும் நீர்மட்டத்தில் தலையை நிமிர்த்தி, வட்டமாகத் திறந்த வாயால் காற்றைக் கடித்துக்கொண்டிருந்தன. ஒவ்வொரு கடிக்கும் 'டப்' என்று மெல்லிய ஓசை எழுந்தது. கிண்ணத்தால் நீரை மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்றினேன். விடியும்போது எஞ்சியது ஒன்று. மருமகனுக்கு இதைச் சொல்லி, பொன்மீன் ஆசை இருந்தால் குளிர்ந்த மலையூர்களான டவுஞ்சியிலோ மேம்யோவிலோ வீடு கட்டும்போது முற்றத்தில் சிமென்டுக் குளம் வைத்துக்கொள் என்றேன்.

கப்பியின் நிலை வேறு. 3, 4 சென்டிமீட்டர் நீளமே உள்ள, குட்டி போடும் இந்த மீன் 24 முதல் 28 டிகிரி வரை நன்றாக வாழும். சில வாரங்களுக்கு அதற்கு மேலும் தாங்கும். மேல்நோக்கித் திறக்கும் அதன் வாய், காற்றைத் தொட்டு நிற்கும் மெல்லிய நீர்ப்படலத்தை உறிஞ்சுவதற்கு ஏற்றது. அந்தப் படலத்தில்தான் உயிர்வளி மிகுதியாக இருக்கும் என்பதால், மோட்டார் நின்றாலும் கப்பி சில மணி நேரம் சமாளித்துவிடும். குறை வேறிடத்தில் இருக்கிறது. பெண் கப்பி ஏறத்தாழ நான்கு வாரங்களுக்கு ஒருமுறை குட்டி போடும். ஒருமுறை சேர்ந்த ஆணின் விந்தைப் பல மாதங்கள் உடலுக்குள் சேமித்துவைத்து, ஆணே இல்லாத தொட்டியிலும் மீண்டும் மீண்டும் ஈனும். ஜனவரியில் ஆறு மீன்களுடன் தொடங்கியவர் ஏப்ரலில், அதாவது நீர் மிகச் சூடாக இருக்கும் மாதத்தில், அறுபது மீன்களுடன் நிற்பார். ஆண்களை மட்டும் வாங்கினால் இத்தொல்லை இல்லை; ஆனால் அவை ஒன்றையொன்று ஓயாமல் துரத்தும்.

மருமகன் மயங்கிய மீனைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் அந்த மயக்கம் நியாயமானது. கேலக்ஸி ராஸ்போரா என்று வணிகத்தில் பெயர் பெற்ற இம்மீன் நம் பர்மாவுக்கே உரியது. 2006ஆம் ஆண்டில் ஷான் மாநிலத்து ஹோபோங் அருகே, புல்லடர்ந்த ஆழமற்ற குளங்களில் இது கண்டெடுக்கப்பட்டது. மறுஆண்டே முத்து பதித்தது என்ற பொருள் தரும் 'மார்கரிட்டாட்டஸ்' என்ற அறிவியல் பெயரைப் பெற்றது. கருநீல உடலில் வெண்முத்துப் புள்ளிகளும் துடுப்புகளில் செங்கோடுகளுமாக, இரண்டு சென்டிமீட்டருக்குச் சற்றே மிகுந்த நீளத்தில் இருக்கும். அதைப் பிடிக்க ஏற்பட்ட போட்டியில் இனமே அற்றுப்போகும் என்ற அச்சம் தொடக்கத்தில் எழுந்தது. பின்னர் வேறு குளங்களிலும் காணப்பட்டதாலும், தொட்டிகளிலேயே எளிதாக முட்டையிட்டுப் பெருகியதாலும் அந்த அச்சம் தணிந்தது. இதன் அண்டை உறவுகளும் அழகானவை. இன்லே ஏரியில் மட்டுமே வாழும், பச்சைக் கோடுகள் அணிந்த எரித்ரோமைக்ரான் டேனியோ ஒன்று; ஷான் சிற்றரசர்களின் பட்டப் பெயரையே தன் பேரினப் பெயராகச் சுமக்கும், செதிலே இல்லாத சாவ்ப்வா மீன் மற்றொன்று. இவ்விரண்டையும் ஆனண்டேல் என்ற விலங்கியலாளர் 1918இல் விவரித்தார்.

ஆனால், இன்லே ஏரி கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 880 மீட்டர் உயரத்தில் கிடக்கிறது. ஹோபோங் குளங்கள் 1,000 மீட்டருக்கும் மேலே இருக்கின்றன. இந்த மீன்கள் பழகியது 22, 24 டிகிரி நீர். பர்மிய மீன் பர்மாவில் பிழைக்காதா என்று மருமகன் வாதாடினான். ஊட்டியில் விளையும் கேரட்டைத் தூத்துக்குடிக் கடற்கரையில் ஊன்றிப் பார் என்று என் பாட்டனார் இருந்தால் பதில் சொல்லியிருப்பார். அயல்நாட்டுக் குளிர்ப் பிரதேசத்தில் வளர்ப்பவருக்கு இது சுலபமான மீன். நமக்கு ஒரே இரவுப் பேருந்துத் தொலைவில் பிறந்தும், ரங்கூன் ஏப்ரலுக்கு அது அந்நியம்தான். வடக்கே மிச்சினாப் பக்கத்து ஓடைகளைச் சேர்ந்த சோப்ரே டேனியோ என்ற சிறு மீனுக்கும் இதே கதைதான். டவுஞ்சியில் இருக்கும் நம் உறவினர்களுக்கோ, கேலக்ஸியைத் தவிர வேறெதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இனி நான் சொன்ன நான்காவது மீன். தடித்த உதட்டுக் கௌராமி ஐராவதி ஆற்றுப் படுகையின் தாழ்நிலத்து மீன். ஒன்பது சென்டிமீட்டர் வரை வளரும். ஆணின் பக்கவாட்டில் செம்மையும் நீலமும் மாறி மாறிக் கோடிடும். இதன் செவுளுக்கு மேலே மடிப்பு மடிப்பாக அமைந்த ஓர் உறுப்பு இருக்கிறது. நீரிலுள்ள உயிர்வளி போதாதபோது, மேலே வந்து ஒரு வாய்க் காற்றை விழுங்கி, அந்த உறுப்பின் வழியாகவே இது மூச்சுவிடும். நம்மூர்ப் பனையேறிக் கெண்டை நீரைவிட்டு வெளியேறியும் உயிரோடிருப்பது இதே உறுப்பால்தான். இரண்டும் ஒரே வரிசையைச் சேர்ந்த பங்காளிகள். பொன்மீன் காற்றைக் கடிப்பது திணறல். கௌராமி காற்றை விழுங்குவது அதன் அன்றாட வழக்கம். ஓர் ஆண், இரண்டு பெண் என்ற கணக்கில் இரண்டடித் தொட்டிக்கு மூன்று போதும். இரண்டு ஆண்களை விட்டால் பலவீனமானது மூலையிலேயே கிடந்து மெலியும்.

துணைக்கு மீன் வேண்டுமென்று மருமகன் வற்புறுத்தினான். மோல்மேன் பக்கத்துத் தாழ்நில ஓடைகளிலிருந்து 1860இல் பிளைத் என்பவர் விவரித்த முத்து டேனியோ வெப்பத்தைத் தாங்கும். ஆனால் கூட்டமாக ஓடித் திரியும் அந்த மீனுக்கு இரண்டடி போதாது. மூடி சற்றே விலகியிருந்தாலும் துள்ளித் தரையில் விழும். மூன்றடித் தொட்டி வாங்கும் நாளில் ஆறு டேனியோக்களைக் கௌராமிகளுடன் தாராளமாகச் சேர்க்கலாம். கப்பியைக் கௌராமியுடன் விடலாமா என்றால், விடலாம்தான். ஆயினும் நீண்ட வாலுள்ள ஆண் கப்பியை வீம்பு பிடித்த ஆண் கௌராமி துரத்துவதையும், குட்டிகள் ஒன்றுவிடாமல் இரையாவதையும் பார்க்க மனம் ஒப்ப வேண்டும். பொன்மீனுடன் கேலக்ஸியைச் சேர்ப்பது பற்றிப் பேச ஒன்றுமில்லை: வாய்க்குள் போகிற அளவு மீன் வாய்க்குள் போகும்.

அலங்காரப் பொருளும் மீனைப் போலவே தேர்வுக்குரியதுதான், ஏனெனில் கல் சும்மா கிடப்பதில்லை. சௌந்தாக் கடற்கரையிலிருந்து பொறுக்கி வந்த சிப்பியும் பவளத்துண்டும் சுண்ணாம்புப் பொருள்கள். அவை மெல்லக் கரைந்து நீரின் கடினத்தன்மையைக் கூட்டும். சுண்ணாம்புக்கல்லும் அப்படியே. கடின நீரை விரும்பும் கப்பிக்கும், சுண்ணாம்புப் பாறை நாட்டில் பிறந்த இன்லே, ஹோபோங் மீன்களுக்கும் இவை நன்மையே செய்யும். மென்னீர்ப் பழக்கமுள்ள கௌராமி இவற்றால் இறந்துவிடாது என்றாலும், அதற்கு இவை தேவையில்லை. ஐயமான கல்லின்மேல் இரண்டு சொட்டு வினிகர் விட்டுப் பாருங்கள். நுரைத்தால் அது சுண்ணாம்பு.

மகுவேப் பக்கத்து வறண்ட நிலத்தில் கிடைக்கும் கல்மரத்தைப் பலர் விரும்புகிறார்கள். மரத்தின் வளையங்களும் முடிச்சுகளும் அப்படியே கல்லாகி நிற்கும் அழகுக்கு ஈடில்லை. பெரும்பாலும் சிலிக்காவால் ஆனதால் நீரையும் மாற்றாது. உடைந்த விளிம்பு மட்டும் கத்தியாக இருக்கும். கௌராமியின் நூல் போன்ற நீண்ட வயிற்றுத் துடுப்பு அதில் சிக்கினால் கிழியும் என்பதால், உப்புத்தாளால் விளிம்பைத் தேய்த்துவிட்டே வைக்க வேண்டும். எடையையும் மறந்துவிடக் கூடாது: பத்துக் கிலோ கல் ஏறத்தாழ நான்கு லிட்டர் நீரின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும், 45 லிட்டரில் நான்கு லிட்டர் சிறு இழப்பல்ல.

என் தேர்வு இவற்றைவிட மலிவானது. ஆற்றின் அக்கரைத் துவாந்தேயில் வனையும், மெருகு பூசாத சிறிய மண்சட்டி ஒன்றை வாங்கிப் பக்கவாட்டில் படுக்கவைத்து, பாதி மணலில் புதைத்தால், துரத்தப்படும் பெண் மீனுக்கு ஒளிவிடம் ஆயிற்று. பாசி படியப் படிய அது ஆற்றங்கரையில் பல காலம் கிடந்த பொருளைப் போலவே தோன்றும். வாய் திறந்து குமிழி விடும் பிளாஸ்டிக் புதையல் பெட்டியும், நீலமும் ரோஜா நிறமும் பூசிய சரளைக்கல்லும் மீனுக்காகச் செய்தவை அல்ல. சாயம் உரியும் சரளையை வாளி நீரில் ஓரிரவு ஊறவைத்துப் பார்த்தாலே உண்மை தெரிந்துவிடும். அடியில் கழுவிய கருநிற ஆற்று மணலை மூன்று சென்டிமீட்டர் பரப்பினால் மீனின் நிறமும் எடுத்துக்காட்டும்.

செடி விஷயத்தில் ஒரு தவறான நம்பிக்கை உலவுகிறது. தொட்டி நிறையச் செடி வைத்தால் கரண்டு போனாலும் கவலையில்லை என்பார்கள். வெளிச்சம் இருக்கும்வரைதான் செடி உயிர்வளி தரும். விளக்கணைந்த இரவில் அதுவும் மீனோடு போட்டியிட்டு உயிர்வளியை இழுக்கும். ஆகையால் ஜாவாப் பெரணி, அனூபியாஸ் போல மெதுவாக வளரும் செடிகளைச் சட்டியில் கட்டிவைத்து, மேலே கைப்பிடி அளவு நீர்ப்பெரணியை மிதக்க விடுவதே போதும். மிதப்பது முழுப் பரப்பையும் மூடிவிடக் கூடாது. காற்று நீரில் கரைவதும் கௌராமி மூச்செடுப்பதும் அந்தத் திறந்த பரப்பில்தான்.

மருமகன் சட்டியும் மணலும் செடியும் வைத்து, குளோரின் போக ஒருநாள் வைத்திருந்த நீரை நிரப்பி, ஸ்பாஞ்ச் வடிகட்டியை ஓடவிட்டான். கழிவிலிருந்து எழும் அம்மோனியாவை மாற்றியமைக்கும் நுண்ணுயிர்கள் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும் என்பதால், தினம் ஒரு சிட்டிகைத் தீனி மட்டும் போட்டு வெறுந்தொட்டியைப் பார்த்துக்கொண்டிருக்கச் சொன்னேன், வீட்டில் சிரித்தார்களாம். பின்னர் மூன்று கௌராமிகள் வந்தன. போன வாரம் அவனே அழைத்து ஒரு குறை சொன்னான்: கரண்டு இல்லாத பகலில், நீர் அசையாமல் நிற்கும்போது ஆண் மீன் நீர்ப்பெரணியின் அடியில் எச்சில் குமிழிகளால் கூடு கட்டுகிறதாம், கரண்டு வந்ததும் வடிகட்டியிலிருந்து எழும் காற்று அதைக் கலைத்துவிடுகிறதாம். வடிகட்டியை எதிர் மூலைக்கு நகர்த்தி, காற்றுக் குழாயின் திருகைப் பாதியாக மூடச் சொன்னேன். நேற்றுக் காலை அவன் அனுப்பிய படத்தில், பெரணி இலையோரம் ஒரு ரூபாய்க் காசளவு வெள்ளை நுரை ஒட்டியிருந்தது.